ஏழு சாமி, ஆறு நம்பர்

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அண்ணனின் கால் முறிந்தது, வேலை போனது, தெருவில் அவனுக்குக் கெட்ட பெயர் விழுந்தது, இவற்றையெல்லாம் ஒரு வரிசையில் எழுதி ஒவ்வொன்றாகப் பார்க்க என்னால் முடிந்தது. அந்தக் கும்பிடு மட்டும் எந்த வரிசையிலும் அடங்கவில்லை.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் ஒரு லாரிக் கம்பெனியில் டிரைவர். கடலூரிலிருந்து வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது முதலியார்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு முன்னால் சைக்கிள்காரர்கள், மீன்கூடைக்காரிகள், ஒரு மாட்டுவண்டி. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அண்ணன் பிரேக்கை மிதித்தான். மிதி தரைவரைக்கும் போனது, லாரி நிற்கவில்லை. கூட்டத்துக்குள் விடாமல் ஒடித்துச் சாலையோரப் புளியமரத்தில் கொண்டுபோய் மோதினான். கேட்டில் நின்ற யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டுப் பிரித்தபோது அது இடது காலைவிட இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தது.

அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, எட்டாம் நாள், முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம், நான்கு ஆரஞ்சு. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"ஒம் மவன் மேல எனக்கு வருத்தம் இல்லம்மா. வயசுப் புள்ள, ஒரு வாய் போட்டுட்டு ஏறிட்டான். வண்டியில ஒரு கொறையும் கெடையாது. மோதறதுக்குப் பதினோரு நாளைக்கு முன்னாலதான் ஆபீசுல பாத்து சர்ட்டிபிகேட்டு குடுத்திருக்காங்க. போலீசுல நான் பேசிட்டேன். ஜெயிலு இல்ல. பெர்மிய மட்டும் எடுத்துக்குவாங்க."

பெர்மி என்றால் லாரி ஓட்டும் உரிமம். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் எங்கள் ஊர் டிரைவர்கள் அதை அப்படித்தான் சொன்னார்கள்.

"நீங்க மகராசனா இருக்கணும்," என்று சொல்லி அம்மா கும்பிட்டாள். அவர் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் குடிக்கிறவன் இல்லை. அப்பா போன பிறகு அவன் சம்பாத்தியத்தில்தான் அடுப்பு எரிந்தது. என் டிராயிங் போர்டும் டி-ஸ்கொயரும் அவன் கடலூரிலிருந்து லாரியில் கொண்டுவந்தவை. ஆனால் யார் நம்புவார்கள்? சென்னை ராஜ்யம் முழுவதும் மதுவிலக்கு. இங்கே தெருவுக்குத் தெரு கடை. பாண்டிச்சேரி டிரைவர் மரத்தில் மோதினான் என்றால் மீதியைக் கேட்பவர்களே சொல்லிக்கொள்வார்கள். முதலாளிக்கு இது தெரியும். அவர் பொய்யை நிறையச் சொல்லவில்லை. ஊர் ஏற்கெனவே நம்பத் தயாராயிருந்த ஒன்றை மட்டும் சொன்னார்.

நான் அப்போது மெஷின் டிராயிங் படித்து முடித்திருந்தேன். என் வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் அந்த மொழியும் தெரியும். இங்கிலீஷ் டைப்பிங்கும் கற்றிருந்தேன். இந்த மூன்றும் ஒருசேர வேண்டியிருந்த இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது: வண்டிப் பதிவு அலுவலகம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாம்பல் நிற அட்டை கொடுத்திருந்தார்கள். கார்த் கிரீஸ் என்பார்கள். அந்த அட்டைகளில் இருப்பதை இங்கிலீஷில் மாற்றிப் புதிய பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு லாரியின் பரிசோதனைச் சான்றையும் அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சான்று இல்லாமல் கனகசெட்டிக்குளம் சாவடியைத் தாண்டி சென்னை ராஜ்யத்துக்குள் லோடு போக முடியாது.

அங்கே வேலை பார்த்த மற்றவர்களுக்கு எது முக்கியமோ தெரியாது. நான் விண்ணப்பம் போட்டது ஒரே ஒரு ஃபைலைப் பார்ப்பதற்காக.

சேர்ந்த இரண்டாம் நாளே அதைப் பார்த்துவிட்டேன். விபத்து அறிக்கை முக்கால் பக்கம். அதில் ஒரு வரி: "வாகனம் குறையற்றது, ஓட்டுநரின் தவறு." கீழே எங்கள் அலுவலகத்து வண்டி இன்ஸ்பெக்டரின் கையெழுத்து. மோதிய லாரியை அவர் போய்ப் பார்த்ததாக எங்கும் இல்லை. பதினோரு நாள் முந்தைய சான்றைப் பார்த்து எழுதியிருந்தார். என் நோட்டில் அன்று இரண்டு காரியம் எழுதினேன். ஒன்று, இந்த வரியை அடிக்க வேண்டும். இரண்டு, அவருடைய லாரி ஒன்றுகூட ஓடக் கூடாது. இரண்டாவது நியாயமா என்று யோசிக்கவில்லை. இப்போதும் யோசிக்கவில்லை.

முதலாளியின் கம்பெனிக்கு ஆறு அட்டைகள் இருந்தன. ஆறையும் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் அப்போது கோலூன்றி நடக்கத் தொடங்கியிருந்தான். நம்பர்களைப் படித்துக் காட்டி, இதில் எந்த வண்டி எது என்று கேட்டேன்.

"நம்பர யாரு பாப்பா பாக்கறா? நெத்தியில என்னா சாமி எழுதியிருக்கோ அதான் வண்டி. மாரியம்மன் வண்டி, புள்ளையார் வண்டி, இப்படித்தான் சொல்லுவோம்."

"சரி, சாமியச் சொல்லு."

அவன் விரல் மடக்கிச் சொன்னான். பிள்ளையார், முருகன், மாரியம்மன், பெருமாள், திரௌபதை, ஐயனார், அங்காளம்மன்.

நான் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "இன்னொரு தபா சொல்லு."

"ஏன், நீ என்னா பூசாரியா?" என்று சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னான். ஏழு.

அவன் ஓட்டியது மாரியம்மன் வண்டி. யுத்தத்துக்குப் பின் ஏலத்தில் போன பழைய பட்டாள லாரி. பிள்ளையார் வண்டியும் அதே ஜாதி, ஆனால் நன்றாகப் பராமரிக்கப்பட்டது. முதலாளி வெளியூர் போகும்போது அதில்தான் ஏறுவார். இரண்டும் ஒரே நாளில் ஷெட்டில் நின்று அவன் பார்த்தது குறைவு. ஒன்று தெற்கே கடலூர்ப் பக்கம் போனால் மற்றது வடக்கே திண்டிவனம் பக்கம்.

மறுநாள் அண்ணன் ஓட்டிய லாரியின் ஃபைலை மறுபடி எடுத்தேன். லாரியின் அடிச்சட்டத்துக்குச் சேஸிஸ் என்று பெயர். அதில் ஒரு நம்பரை இரும்பு அச்சால் அடித்திருப்பார்கள். பரிசோதனையின்போது மெல்லிய தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் வெள்ளையாக விழும். அந்தத் தாளை ஃபைலில் ஒட்ட வேண்டும். நாங்களே தேய்த்து எடுக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் சட்டத்தடியில் படுத்து கிரீஸில் சட்டையை அழுக்காக்கிக்கொள்ள யார் முன்வருவார்கள்? கம்பெனிக்காரர்களே தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அலுவலகம் வாங்கி ஒட்டியது.

இந்த ஃபைலில் மூன்று வருஷத்துத் தாள்கள் இருந்தன. மூன்றிலும் நம்பர் ஒன்றுதான். ஆனால் இரண்டு வருஷமாக ஸ்கேலையும் டிவைடரையும் வைத்தே வாழ்ந்தவளுக்கு எண்கள் படிப்பதற்கு முன்பே அவற்றின் இடைவெளி கண்ணில் படும். இரண்டு தாள்களில் எண்கள் ஒரே கோட்டில் நின்றன. நடு வருஷத்துத் தாளில் கடைசி எண்ணான ஏழு அரை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. அதிலேயே மூன்று என்ற எண்ணின் தலை வளைவாக இல்லாமல் தட்டையாக இருந்தது. இரும்பில் அடித்த எண் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறாது. ஆக, ஒரே நம்பரை இரண்டு சட்டங்களில் அடித்திருக்கிறார்கள். ஒரு அட்டை, ஒரு வரி, ஒரு பர்மிட், இரண்டு லாரி. நல்லது பரிசோதனைக்கு வரும். கெட்டது ரோட்டுக்குப் போகும். ஷெட்டில் யாரோ ஒரு வருஷம் கைக்கு அருகில் நின்ற லாரியில் தாளைத் தேய்த்திருக்கிறான்.

இன்ஸ்பெக்டரிடம் மூன்று தாள்களையும் காட்டினேன். சென்னையிலிருந்து வந்தவர், எப்போதும் வெற்றிலை மெல்பவர்.

"பென்சில அமுத்தித் தேச்சா ஒரு மாதிரி விழும், லேசாத் தேச்சா ஒரு மாதிரி. இது கோலம் இல்லம்மா, குத்தம் கண்டுபுடிக்க."

"இடைவெளி மாறாது சார்."

"நீ டைப் அடி. லாரிய நான் பாத்துக்கறேன்."

நான் போய் டைப் அடித்தேன். இரண்டு சட்டங்களையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், சாட்சியோடு பார்க்க வேண்டும்; இல்லையென்றால் இன்ஸ்பெக்டர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். அப்படி ஒரு நாள் வருஷத்தில் ஒன்றுதான் உண்டு என்பதை அண்ணன்தான், தெரியாமலே, சொன்னான். புரட்டாசியில் ஒரு சாயங்காலம் அவன் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "ஆயுத பூஜைக்கு ஏழு வண்டியும் கழுவி வரிசையா நிக்கும் பாரு, தேரு மாதிரி," என்றான்.

"ஏழும் வருமா?"

"வராம? பூஜை போடாத வண்டி காவு கேக்கும்னு மொதலாளிக்கு உசுர் பயம். எங்க லோடு இருந்தாலும் அன்னிக்கி ஷெட்டுக்கு வந்துடணும். மறுநாளு காலையில எலுமிச்சம்பழத்த நசுக்கற வரைக்கும் சாவி போடக் கூடாது."

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: ஏழும் வரும். இரவு முழுக்க நகராது.

ஆயுத பூஜைக்கு எங்கள் அலுவலகத்தையும் முதலாளி அழைப்பது வழக்கம். மஞ்சள் தடவிய அழைப்புத் தாள் வந்தது, மெல்லிய தாள். நான் அதைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். தேய்க்க ஆகும்.

வில்லியனூர் சாலையில் அவர் ஷெட். ஏழு லாரிகளும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு நின்றன. நம்பர் பலகைகளில் சந்தனத்தை அப்பியிருந்தார்கள்; ஒரு எண்கூடத் தெரியவில்லை. எல்லா ஷெட்டிலும் அப்படித்தான் அப்புவார்கள். இங்கே கொஞ்சம் தாராளம். பிள்ளையார் வரிசையின் முதலில், மாரியம்மன் கடைசியில். மாரியம்மனின் முகப்பு புதிதாக இருந்தது. புளியமரத்தில் போனதற்குப் பதிலாக வேறு போட்டுப் பச்சை அடித்திருந்தார்கள். உள்ளே மிதிக்கும் பிரேக்கைச் சரிசெய்தார்களா என்பது வெளியே தெரியாது.

இன்ஸ்பெக்டர் பொரிகடலையைக் கையில் அள்ளிக்கொண்டு நின்றார். முதலாளி எல்லோரையும் உபசரித்தார். என்னிடம் வந்ததும் குங்குமத் தட்டை நீட்டினார்.

"வீட்டுல மூணு நாளு, வரக் கூடாது. ஒரு பொம்பளைப் புள்ள கை பட்டா நல்லது. நீயே எல்லா வண்டிக்கும் பொட்டு வச்சிடும்மா."

இப்படி நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பூஜைக் கூட்டத்தில் எப்படியாவது சக்கரத்தோரம் குனிய வேண்டும் என்றுதான் யோசித்து வந்திருந்தேன். தட்டை வாங்கிக்கொண்டேன்.

"எந்த ஊரு நீ?"

"முதலியார்பேட்டைங்க."

"அப்படியா. நம்ம டிரைவருங்க கூட அங்க இருந்தாங்க."

அவ்வளவுதான். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பிள்ளையாரின் நெற்றியில் பொட்டு வைத்தேன். நான்கு சக்கரத்திலும் வைத்தேன். வலது முன்சக்கரத்துக்குப் பின்னால் குந்தி, சேஸிஸ் நம்பரைத் தேடினேன். பூஜைக்காக எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியிருந்ததால் அது விளக்கிவைத்த பாத்திரம் போலத் தெரிந்தது. அழைப்புத் தாளின் ஒரு பாதியை அதன் மேல் வைத்து, கட்டைவிரலில் காய்ந்த குங்குமத்தைத் தொட்டுத் தேய்த்தேன். சிவப்புக்கு நடுவில் எண்கள் வெள்ளையாக எழுந்தன. ஒரே கோட்டில் நின்றன.

"அந்தப் பொண்ணு சேஸிஸுக்குக்கூட பொட்டு வைக்குது பாருங்க சார்," என்று முதலாளி சொல்வது கேட்டது. "இனிமே நம்ம வண்டி மேல ஒரு கண்ணு படாது."

"அதுக்கு அதே நெனப்பு," என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடுவில் இருந்த ஐந்து லாரிகளுக்கும் அதே மாதிரி குந்திப் பொட்டு வைத்தேன், ஒன்றைக்கூட விடாமல். கடைசியில் மாரியம்மன். தாளின் மறுபாதி. அதே நம்பர் எழுந்தது. ஏழு இறங்கியிருந்தது, மூன்றுக்குத் தட்டைத் தலை.

தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். முதலாளி ஒரு பொட்டலம் சுண்டலும் வெற்றிலை பாக்கும் கொடுத்து, "மகராசியா இரு," என்றார். அந்தச் சுண்டலை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஷெட் வாசலில் நின்றே தின்று முடித்தேன். நன்றாக இருந்தது.

இன்னும் வெயில் இருக்கும்போதே எங்கள் மேலதிகாரியின் வீட்டுக்குப் போனேன். தமிழர்தான், பிரெஞ்சுக் காலத்திலிருந்து வேலையில் இருப்பவர். எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா; அவருக்கு நான் மத்மாசேல். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குங்குமத் தாளையும் ஃபைலில் இருந்த மூன்று பென்சில் தாள்களின் நகலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார்.

"இது ரெண்டும் இன்னிக்கி எடுத்ததா மத்மாசேல்?"

"ஒரு மணி நேரத்துக்கு முன்னால. முதல் வண்டி, கடைசி வண்டி."

"இந்த ஃபைல்ல இருக்கற டிரைவரு உங்களுக்கு யாரு?"

"அண்ணன்."

"அப்படின்னா இதுல ஒரு எடத்துலகூட நீங்க கையெழுத்துப் போடக் கூடாது. நான் போடறேன்." கண்ணாடியைத் துடைத்தார். "நாளைக்கி எத்தினி மணிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவான்?"

"ஏழரைக்கு மேல நல்ல நேரம்."

"நாம ஏழுக்கு."

விஜயதசமி காலையில் ஏழு மணிக்கு நாங்கள் போனபோது சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டிருந்தார்கள். முசே, நான், ஒரு போலீஸ்காரர், எதற்கு என்று தெரியாமலே வரவழைக்கப்பட்ட இன்ஸ்பெக்டர். முதலாளி நாற்காலி போடச் சொன்னார். முசே உட்காரவில்லை. ஈரத் துணி ஒன்று கேட்டார். போலீஸ்காரர் முதல் லாரியின் பலகையில் இருந்த சந்தனத்தைத் துடைத்தார். பிறகு கடைசி லாரிக்குப் போய்த் துடைத்தார். இரண்டு பலகையிலும் ஒரே நம்பர்.

"பெயின்டரு தப்பா எழுதிட்டான் முசே," என்றார் முதலாளி.

"சேஸிஸ்லயும் பெயின்டரா எழுதினான்?"

முதலாளி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வெற்றிலையைத் துப்ப இடம் தேடினார்.

"நம்பரு எப்படியோ போவட்டும். வண்டி நல்ல வண்டிங்க. பிரேக்கு கல்லு மாதிரி நிக்கும்," என்றார் முதலாளி.

நான் அவ்வளவு நாளாக மனதுக்குள் எத்தனையோ வாக்கியங்கள் செய்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றும் அப்போது வேண்டியிருக்கவில்லை. "அப்படின்னா சோதிச்சுப் பாத்துடலாம் முசே," என்றேன். "இன்ஸ்பெக்டர் சார் மாரியம்மன் வண்டிய எடுக்கட்டும். சான்று குடுத்தவரு அவருதான். மொதலாளி இருபதடி முன்னால நிக்கட்டும்."

ஷெட்டில் இருந்த டிரைவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். முசே என்னைத் திரும்பிப் பார்த்தார், மறுக்கவில்லை. "நிக்கறீங்களா?" என்று முதலாளியைக் கேட்டார்.

அவர் நிற்கவில்லை. லாரியின் முன்னாலிருந்து மூன்று எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தார். லாரி அணைந்துதான் கிடந்தது. அதற்கே நகர்ந்தார். முசே போலீஸ்காரரை ஏறி மிதியை மிதிக்கச் சொன்னார். மிதி தரைக்குப் போனது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அண்ணன் சொல்லிக் கேட்டிருந்தேன். தகரத்தில் செருப்பு படுகிற சத்தம்.

ஏழு லாரிகளின் சாவிகளையும் முசே வாங்கிக்கொண்டார். மற்ற ஐந்தையும் பார்த்து முடிக்கும்வரை ஒன்றும் நகரக் கூடாது என்று எழுதினார். எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் சக்கரத்தடியில் கிடந்தன.

புறப்படும்போது முதலாளி என் பக்கம் வந்தார். "ஏம்மா, பொட்டு வைக்கச் சொன்னா இந்த வேலையா பண்ணுவ? நான் ஒனக்கு என்னா பண்ணேன்?"

"எங்க வீட்டுக்கு வந்தீங்க. நான்தான் காப்பி குடுத்தேன்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எந்த வீடு?"

"ரயில்வே கேட்டு, புளியமரம்," என்றேன். அதற்கு மேல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

பிறகு சிலர், பொதுஜனங்களின் உயிரைக் காப்பாற்ற நான் செய்ததாகச் சொன்னார்கள். நான் மறுப்பதில்லை, ஆனால் அது சரியல்ல. மற்ற ஐந்தில் மூன்று லாரிகள் சோதனையில் தேறவில்லை. அந்த மூன்றும் யாரை என்ன செய்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததே கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து என் கையில் டம்ளரைத் திருப்பிக் கொடுத்த ஒருவர், எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் மூன்று எட்டு நகர்ந்ததைத்தான் நினைத்துப் பார்ப்பேன். அலுப்பதே இல்லை.

கம்பெனி மூடியது. டிரைவர்களுக்கும் லோடுமேன்களுக்கும் வேலை போனது. அவர்களில் இரண்டு பேர் எங்கள் தெருவில் இருந்தார்கள். குழாயடிக்கு நான் குடத்தோடு போனால் அந்த வீட்டுப் பெண்கள் விலகி நிற்பார்கள்.

"வழி வுடுங்கடி, ஆபீசரம்மா வருது. கொடத்த நேரா வைங்க, இல்லன்னா அதுக்கும் நம்பரு எழுதிக்கும்."

"அண்ணனுக்குக் காலு போச்சின்னு நம்ம அடுப்ப அணைச்சிடுச்சி."

நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வருவேன். அவர்கள் சொன்னதில் தவறு இல்லை. என் நோட்டில் அவர்களுக்கு வரி போட்டிருக்கவில்லை. போட்டிருந்தாலும் செய்திருப்பேன் என்பதுதான் அவர்களிடம் நான் சொல்லாதது.

இன்ஸ்பெக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அண்ணனின் ஃபைலில் இருந்த வரியை முசே சிவப்பு மையால் அடித்து ஓரத்தில் கையெழுத்திட்டார். புதிய வரியை டைப் அடித்தது நான்: "வாகனத்தில் குறை, ஓட்டுநர் மேல் தவறில்லை." ஒரே தரம்தான் அடித்தேன். பிழையில்லாமல் வந்தது. பெர்மியையும் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் காலை வைத்து லாரி பிரேக்கை மிதிக்க இனி முடியாது என்று அண்ணனுக்குத் தெரியும். ஆனாலும் தபாலில் வாங்கிக்கொள்ள மறுத்து, தானே கோலூன்றி அலுவலகத்துக்கு வந்து, வரிசையில் நின்று வாங்கினான்.

முதலாளி மேல் போட்ட வழக்கு விசாரணைக்கு வரும் முன்னால் அவர் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாழைப்பழம், ஆரஞ்சு. நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை. முதலாளி நிலைப்படிக்கு உள்ளே நின்றார். உடம்பு இளைத்திருந்தது.

"தம்பி, நடந்தது நடந்துபோச்சி. ரெண்டு வண்டிக்கும் ஒரே நம்பரு அடிச்சது மெக்கானிக்கு வேல, எனக்கே தெரியாது. நீ அந்த வண்டிய ஓட்டினவன். பிரேக்கு கொறையின்னு எங்கிட்ட யாரும் சொல்லலன்னு கோர்ட்டுல ஒரு வார்த்த சொல்லு. அது போதும் எனக்கு."

பிரேக் இறங்குகிறது என்று அண்ணன் அவரிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தான். அது எங்கள் மூவருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அண்ணன் குட்டைக் காலைக் கையால் தூக்கி முன்னால் நீட்டி வைத்துக்கொண்டான்.

"நான் அன்னிக்கிக் குடிச்சிருந்தேனே மொதலாளி," என்றான். "சொன்னேனா, சொல்லலையா, எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

முதலாளி அம்மாவின் பக்கம் திரும்பினார். பழத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் குவித்தார். "நீ சொல்லும்மா. ஒரு தாயி நீ."

யாராவது கும்பிட்டால் திருப்பிக் கும்பிடாமல் அம்மாவால் இருக்க முடியாது. மடியில் கிடந்த அவள் கைகள் எழும்புவதைப் பார்த்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய காப்பி இருந்தது. டம்ளரில் ஊற்றி, அது சுடும் என்பதால் வட்டாவோடு சேர்த்து, அம்மாவின் இரண்டு கையிலும் வைத்தேன்.

"ஆறிடப் போவுதும்மா, குடி," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு டம்ளரைப் பார்த்தாள். அவர் கையைக் குவித்தபடியே நின்றுகொண்டிருந்தார். அம்மா ஊதி ஊதி, மெதுவாக, அடிவரைக்கும் குடித்தாள்.